‘சொல்லு... சொல்லு...’ வேண்டாமே!

“சொல்லுடா தங்கம்... இது என்ன? பஸ்ஸு. பஸ்ஸு சொல்லு. இது என்ன கலரு? செவப்பு. எங்க, செவப்பு சொல்லு பாப்போம். அன்னைக்குச் சொன்னேல்ல... சொல்லுடா...”

என் அறையில் தரையில் உட்கார்ந்து பேரனிடம் மன்றாடிக்கொண்டிருந்தார் அந்த அப்பத்தா. மேலூரைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி மதுரைக்கு வந்திருந்தார்கள். பையனுக்கு இரண்டே கால் வயது. துறுதுறுவென்று இருந்தான். பொம்மை பஸ்ஸைத் தரையில் ஓட்டிவந்து என் காலில் முட்டிவிட்டு, என் முகத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். வாயிலிருந்து வந்தது “ம்ம்... ம்ம்...” மட்டும்தான். ‘அம்மா’, ‘போ’, ‘மம்மு’ என்று மூன்றே மூன்று சொற்கள் வீட்டில் சொல்வானாம்.

அம்மா, அப்பா இருவரும் மதுரையில் வேலை பார்க்கிறார்கள். காலை ஏழரைக்குக் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு. பகல் முழுக்கப் பையன் அப்பத்தாவிடம். “அத்தை நாள் பூரா போனைக் கொடுத்துடறாங்க மேடம். அதான் இவன் பேச மாட்டேங்கிறான்” என்றார் அம்மா. அப்பத்தா பதில் சொல்லவில்லை. மருமகள் ஒரு போன் பேச வெளியே போனதும், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நெசமா என்னாலதானா தாயி இவனுக்குப் பேச்சு வரல?”

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியைப் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். அம்மாக்கள் கேட்பார்கள். பாட்டிகள் கேட்பார்கள். சில தாத்தாக்கள் கேட்க முடியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த அப்பத்தாவிடம் சொன்ன பதிலைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் சொல்கிறேன்.

யார் மேல் தப்பு?

யார் மேலும் இல்லை. பேச்சு தாமதமாவதற்குப் பல காரணங்கள் உண்டு. காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். மற்ற வளர்ச்சிகளும் சேர்ந்தே தாமதமாகலாம். ஆட்டிசம் இருக்கலாம். குடும்பத்தில் வேறு யாருக்காவது பேச்சு தாமதமாக வந்திருக்கலாம். எவ்வளவு தேடியும் காரணமே கிடைக்காத குழந்தைகளும் உண்டு. அப்பத்தா அன்பாக வளர்த்ததாலோ, அம்மா வேலைக்குப் போனதாலோ ஒரு குழந்தைக்குப் பேச்சு வராமல் போய்விடாது.

போன்? அதில் ஓடும் பாட்டு குழந்தையின் வாயைக் கட்டிவிடுவதில்லை. ஆனால், போன் பார்க்கும் நேரத்தில் குழந்தைக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. குழந்தை ‘ஊ’ என்றால் அப்பத்தா ‘என்னடா, காக்காவா?’ என்பார். யூடியூப் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டே போகும். அப்படிக் கழிகிற மணி நேரங்கள் கூடக்கூட, பேசிப் பழகும் நேரம் குறைகிறது. போனை அந்த அளவுக்குப் பார்த்தால் போதும். பழி சுமத்தும் பொருளாக அதை மாற்ற வேண்டாம். முழங்கால் வலியோடு அடுப்பையும் பேரனையும் ஒருசேரப் பார்த்துக்கொள்ளும் ஒருவர், சோறு வடிக்கும் பத்து நிமிடத்துக்குப் போனைக் கொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

முதலில் காது

“காதுப் பரிசோதனை செஞ்சாச்சா?” என்று கேட்டேன். “காதெல்லாம் நல்லாக் கேக்கும் தாயி. நான் வெளிவாசல்ல நின்னாலும் போன்ல பாட்டுச் சத்தம் வந்தா ஓடியாருவான்” என்றார் அப்பத்தா.

இந்தப் பதிலை நம்பி நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். படிப்பை முடித்த புதிதில், உறவுக்காரர் வீட்டு விசேஷம் ஒன்றில் இரண்டு வயதுப் பையன் ஒருவனைக் காட்டி, “இன்னும் பேசலை, நீதான் இதுக்குப் படிச்சிருக்கியே, என்னன்னு பாரேன்” என்றார்கள். “குக்கர் விசில் அடிச்சா திரும்பிப் பார்க்கிறான்” என்றார் அவன் பாட்டி. “அப்ப காது கேட்குது. ஆம்பளைப் பிள்ளைங்க கொஞ்சம் லேட்டாப் பேசும், பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு நான் பந்திக்குப் போய்விட்டேன். நாலு வயதில்தான் பரிசோதனை செய்தார்கள். இரண்டு காதிலும் கடுமையான செவித்திறன் குறைபாடு. குக்கர் விசில் போன்ற பெரிய சத்தம் அவனுக்கு எட்டியிருக்கிறது. பேச்சில் உள்ள நுணுக்கமான ஒலிகள் எட்டவில்லை. இரண்டு வருடம் போய்விட்டது. அவன் அம்மா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவன் வளர்ந்து, காது மெஷின் போட்டுக்கொண்டு, படித்து வேலைக்கும் போகிறான். ஆனால், அவன் பேசுவதைப் புரிந்துகொள்ள வெளியாட்கள் தடுமாறுவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பந்தி எனக்கு ஞாபகம் வரும்.

அதனால்தான் சொல்கிறேன்: கைதட்டிப் பார்ப்பது, தட்டைத் தட்டிப் பார்ப்பது, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பது எதுவும் காதுப் பரிசோதனை ஆகாது. தரையின் அதிர்வு, நிழல், காற்று ஆகியவற்றுக்கும் குழந்தை திரும்பும். ஒரு காது மட்டும் கேட்டாலும் திரும்பும். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டு, தண்ணீருக்குள் மூழ்கியிருந்து கேட்பதுபோல எல்லாம் மங்கலாகக் கேட்கும். இன்றைக்குக் கேட்கும், நாளைக்குக் கேட்காது. வீட்டில் ‘வேணும்னா கேக்குறான், வேணாம்னா கேக்காத மாதிரி இருக்கான்’ என்பார்கள்.

பரிசோதனை வலிக்காது. ஓ.ஏ.இ. என்ற பரிசோதனையில் காதில் சின்ன அடைப்பான் போன்ற ஒன்றை வைப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரா என்ற பரிசோதனையில் குழந்தை தூங்கும்போது நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டி, சத்தத்துக்கு நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று பதிவு செய்வார்கள். பிறந்த குழந்தைக்கே இவற்றைச் செய்யலாம். 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவது என்பதுதான் உலகம் முழுக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள், குடும்பத்தில் காது கேளாதவர்கள் இருப்பவர்கள், குறைமாதத்தில் பிறந்தோ கடுமையான மஞ்சள் காமாலை வந்தோ இன்குபேட்டரில் இருந்த குழந்தைகளின் பெற்றோர் ஆகியோர் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

எந்த வயதில் என்ன?

குழந்தைக்குக் குழந்தை வித்தியாசம் உண்டு. கீழே இருப்பது ஒரு பொதுவான கணக்கு.

• 6 மாதம்: குரல் வரும் பக்கம் திரும்பும். சிரிக்கும். ‘ஆ... ஊ...’ என்று பதில் குரல் கொடுக்கும்.

• 9 மாதம்: ‘பபப’, ‘மமம’, ‘ததத’ என்று அடுக்கும். பெயரைச் சொன்னால் திரும்பும்.

• 1 வயது: டாட்டா காட்டும். வேண்டியதைக் கையால் சுட்டிக்காட்டத் தொடங்கும். பொருளோடு ஒன்றிரண்டு சொற்கள் வரும்.

• ஒன்றரை வயது: சுமார் பத்துச் சொற்கள். ‘செருப்பை எடுத்துட்டு வா’ என்றால் புரியும்.

• 2 வயது: சுமார் ஐம்பது சொற்கள். ‘அம்மா வா’, ‘பால் தா’ என்று இரண்டு சொற்களைச் சேர்க்கும்.

• 3 வயது: சின்னச் சின்ன வாக்கியங்கள். பேசுவதில் பெரும்பகுதி வெளியாட்களுக்கும் புரியும்.

‘ம்மா’, ‘பூ’, ‘கா’ என்று அரைகுறையாகச் சொன்னாலும், ஒரே பொருளுக்கு ஒரே ஒலியைச் சொன்னால் அதைச் சொல்லாகவே எண்ணுங்கள். ர, ற, ள, ழ எல்லாம் தாமதமாக வரும் ஒலிகள். மூன்று வயதுக் குழந்தை ‘பழம்’ என்பதைப் ‘பயம்’ என்றால் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது வேறு. ஒரு வயதைத் தாண்டியும் எதையும் சுட்டிக்காட்டாமல் இருப்பது, பெயர் சொன்னால் திரும்பாமல் இருப்பது, முகம் பார்க்காமல் இருப்பது, இங்கிலீஷ் ரைம்ஸை முழுசாக ஒப்பித்துவிட்டுத் தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் இருப்பது ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வந்த பேச்சு நின்றுபோவது. நேற்றுவரை சொன்ன சொற்களைக் குழந்தை சொல்வதை நிறுத்திவிட்டால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

“இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்”

இதையும் அப்பத்தா சொன்னார். எல்லா வீட்டிலும் இப்படி ஒரு அப்பா, ஒரு மாமா இருப்பார். பொய்யில்லை. இரண்டு வயதில் பேசாத குழந்தைகளில் கணிசமானவர்கள் பிறகு தானாகவே பேசிவிடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், எந்தக் குழந்தை தானாகப் பேசும், எந்தக் குழந்தைக்கு உதவி வேண்டும் என்று இரண்டு வயதில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. தானாகப் பேசவிருக்கும் குழந்தைக்குப் பயிற்சி கொடுத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. உதவி தேவைப்படும் குழந்தையைக் காக்க வைத்தால் நஷ்டம் அதற்குத்தான்.

பரிசோதனையில் இந்தப் பையனுக்குக் காது நன்றாகக் கேட்டது. சொன்னால் புரிந்துகொள்கிறான். சுட்டிக்காட்டுகிறான். கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறான். நல்ல அடையாளங்கள். இனி பயிற்சி. அதை யார் செய்வது?

வாரத்துக்கு 168 மணி நேரம். என் அறையில் அவன் இருக்கப்போவது முக்கால் மணி நேரம். மற்ற நேரமெல்லாம் வீட்டில். “உங்க பேரனுக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் நான் இல்லத்தா, நீங்கதான்” என்றேன். “எனக்கு எழுதப் படிக்கவே தெரியாதே” என்றார். இந்த வேலைக்கு அது தேவையில்லை.

வாயை மூடி எண்ணுங்கள்

அப்பத்தாவும் பேரனும் விளையாடுவதை ஐந்து நிமிடம் பார்த்தேன். அவர் கேட்ட கேள்விகளையும் ‘சொல்லு’ என்ற கட்டளைகளையும் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினேன். முப்பதைத் தாண்டியது. அவ்வளவும் அன்பு. அவ்வளவும் பதற்றம். பையனுக்குப் பதில் சொல்ல ஒரு விநாடிகூட இடைவெளி இல்லை. நம்மையே ஒருவர் விடாமல் “இது என்ன, அது என்ன, சொல்லு, சொல்லு” என்று கேட்டால் நமக்கே வாய் அடைத்துப்போகும்.

“அடுத்த அஞ்சு நிமிஷம் எதுவும் கேட்காதீங்க. அவன் முன்னாடி அவன் உசரத்துக்கு உட்காருங்க. அவன் என்ன பண்றான்னு பாருங்க. மனசுக்குள்ள ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணுங்க” என்றேன்.

அப்பத்தாவுக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பையன் பஸ்ஸை ஓட்டினான். சுவரில் முட்டியது. நிமிர்ந்து அப்பத்தாவைப் பார்த்தான். அவர் பேசவில்லை. ஏழு, எட்டு எண்ணியிருப்பார். பையன் பஸ்ஸை அவர் மடியில் வைத்து “ம்ம்!” என்றான். “அட! பஸ்ஸு முட்டிருச்சு! டொம்முனு முட்டிருச்சு!” என்றார் அப்பத்தா. பையன் குலுங்கிச் சிரித்துவிட்டு மறுபடி கொண்டுபோய் முட்டினான். “டொ!” என்றான்.

புதுச் சொல்லே இல்லை, வெறும் ‘டொ’தான். ஆனால், யாரும் சொல்லச் சொல்லாமல் அவனாகச் சொன்னது.

கனடாவில் இருக்கும் ஹானன் மையம் 1970-களிலிருந்து பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்துவருகிறது. அவர்கள் முதலில் சொல்லித்தருவது இந்த மூன்றைத்தான்: குழந்தையைக் கவனி, காத்திரு, காதுகொடு. பேச்சு தாமதமான குழந்தைக்கு நாம் சொன்னதை வாங்கி, சொல்லைத் தேடி, வாயைத் தயார்செய்ய மற்ற குழந்தைகளைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கேள்வியால் நிரப்பிவிடுகிறோம்.

வீட்டில் எப்படிப் பேசுவது?

கேள்வியைக் குறையுங்கள், சொல்லைக் கொடுங்கள். ‘இது என்ன?’ என்பதற்குப் பதிலாக ‘நாய்! நாய் ஓடுது’ என்று சொல்லுங்கள். கேள்வி என்பது பரீட்சை. அவன் பார்க்கும் பொருளின் பெயரை அவன் பார்க்கும்போதே சொல்வதுதான் பாடம்.

ஒரு சொல் கூட்டுங்கள். அவன் ‘பா’ என்று பாலைக் காட்டினால், ‘பால் வேணும்’ என்று சொல்லிக்கொண்டே கொடுங்கள். ‘கார்’ என்றால் ‘கார் போகுது’. அவன் ஒரு சொல்லில் இருந்தால் நீங்கள் இரண்டு சொல்லில் பேசுங்கள். மூச்சுவிடாமல் பத்துச் சொல் வேண்டாம்.

வினைச்சொற்களை மறக்காதீர்கள். நாம் கலரும் பழமும் மிருகமுமாகக் கற்றுக்கொடுக்கிறோம். ‘ஊதா’ என்று சொல்லத் தெரிந்து ஒரு குழந்தைக்கு என்ன கிடைக்கும்? ‘தா’ என்றால் பிஸ்கட் கிடைக்கும். நம் தமிழில் வா, போ, தா என்று ஒற்றை எழுத்திலேயே கட்டளைகள் இருக்கின்றன. எடு, போடு, ஊது, திற, வேணாம், இன்னும் ஆகியவற்றைத் தினமும் நூறு முறை பயன்படுத்த முடியும். முதலில் இவை வரட்டும். ஏ, பி, சி, டி பிறகு வரும்.

‘சொன்னாத்தான் தருவேன்’ வேண்டாம். பசித்த குழந்தையிடம் சோற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு பேச வைக்க முடியாது. அழத்தான் வைக்க முடியும். விரலால் காட்டினாலும், கையைப் பிடித்து இழுத்தாலும் அதுவும் பேச்சுதான். பத்து எண்ணுங்கள். சொன்னால் சந்தோஷம். சொல்லாவிட்டால் நீங்களே சொல்லி, சிரித்த முகத்தோடு கொடுத்துவிடுங்கள்.

கேட்க வேண்டிய சூழலை உண்டாக்குங்கள். முறுக்கு டப்பாவை இறுக்க மூடி அவன் கையில் கொடுங்கள். திறக்க உங்களிடம்தான் வருவான். ‘திற’ என்று சொல்லித் திறந்து, ஒரே ஒரு துண்டு கொடுங்கள். மறுபடி வருவான். ஊஞ்சலை ஆட்டி நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். பந்தை உருட்டும் முன் நிறுத்திக் காத்திருங்கள்.

அன்றாட வேலைகளே பாடம். குளிப்பாட்டும்போது ‘தண்ணி ஊத்து, கை தேய், கால் தேய்’. தோசை சுடும்போது தள்ளி உட்கார வைத்து ‘மாவு ஊத்து... திருப்பு... எடு’. காக்காவுக்குச் சோறு வைக்கும்போது, துணி மடிக்கும்போது, கோழியை அடைக்கும்போது, தினமும் அதே வேலை, அதே சொற்கள். குழந்தைக்குத் திரும்பத் திரும்பக் கேட்பது அலுக்காது. நமக்குத்தான் அலுக்கும்.

இதைச் சொன்னதும் அப்பத்தா கேட்டார், “நண்டூறுற வெளையாட்டு வெளையாடலாமா?” தாராளமாக! பருப்புக் கடைந்து, ஆளுக்கொரு விரலாகச் சோறு ஊட்டி, கையில் நண்டை ஊரவிட்டுக் கக்கத்தில் கிச்சுகிச்சு மூட்டும் அந்த விளையாட்டைவிட நல்ல பயிற்சிக் கருவி என் அலமாரியில் இல்லை. ஒரே மாற்றம்தான் சொன்னேன்: நண்டு முழங்கையைத் தாண்டியதும் நிறுத்துங்கள். குழந்தையின் முகத்தைப் பாருங்கள். எண்ணுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த குழந்தை துள்ளும், இழுக்கும், குரல் கொடுக்கும். அந்தக் குரல் வந்ததும் கிச்சுகிச்சு மூட்டுங்கள்.

போனை என்ன செய்வது?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2 வயதுக்குள் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது. ஆறு மணி நேரம் பார்க்கும் குழந்தையிடமிருந்து நாளைக்கே போனைப் பிடுங்கினால் வீடு ரணகளமாகும். சாப்பாட்டு வேளையிலிருந்து தொடங்குங்கள். முதல் வாரம் காலைச் சாப்பாடு மட்டும் போன் இல்லாமல். அடுத்த வாரம் மதியமும். கொஞ்சம் குறைவாகத்தான் சாப்பிடும், பரவாயில்லை. சமைக்கும் நேரத்துக்கு ஒரு பாத்திரம், இரண்டு கரண்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்கள் என்று ஒரு கூடை வைத்திருங்கள்.

வேலைக்குப் போன அம்மாவும் வெளியூரில் இருக்கும் அப்பாவும் வீடியோ காலில் பேசுவது இந்தக் கணக்கில் வராது. அங்கே பதில் சொல்ல ஆள் இருக்கிறது. அப்போதும் ‘சொல்லு, சொல்லு’ வேண்டாம். பொம்மையை எடுத்துக் காட்டி விளையாடுங்கள்.

அம்மாவிடமும் ஒன்று சொன்னேன். இரவு எட்டு மணிக்கு வந்ததும் பதினைந்து நிமிடம். உங்கள் போனும் வேறு அறையில் இருக்கட்டும். அந்தப் பதினைந்து நிமிடம் பையனுக்கு மட்டும்.

அடிக்கடி கேட்பவை

“இங்கே தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், பக்கத்து வீட்டில் இந்தி. குழந்தை குழம்பிப்போகுமா?” குழம்பாது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் பேசுங்கள். பேரனுக்காக அப்பத்தா ‘ஆப்பிள், பனானா’ என்று திணற வேண்டியதில்லை.

“நாக்கில் வசம்பு தடவலாமா, தேன் வைக்கலாமா?” இரண்டும் பேச்சைக் கொண்டுவராது. அதிலும் 1 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியால் உயிருக்கே ஆபத்தான பாதிப்பு வரலாம்.

“நாக்கு ஒட்டியிருப்பதால்தான் பேசவில்லை என்கிறார்களே?” நாக்கு ஒட்டியிருந்தால் பால் குடிப்பதிலும், சில குழந்தைகளுக்குச் சில ஒலிகளிலும் சிரமம் இருக்கலாம். சொற்களே வராமல் இருப்பதற்கு அது காரணமாகாது. மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் வெட்டிவிட ஓடாதீர்கள்.

“கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறோம், முடிந்ததும் வருகிறோம்.” வேண்டிக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போகும் வழியில் காதுப் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள்.

எங்கே காட்டுவது?

முதலில் உங்கள் குழந்தைகள் நல மருத்துவர். அவர் வழியாகக் காதுப் பரிசோதனைக்கு ஆடியாலஜிஸ்ட், பிறகு ஸ்பீச் தெரபிஸ்ட். பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. பேச்சு, காது, வளர்ச்சித் தாமதம் எல்லாம் அதில் அடங்கும். உங்கள் அங்கன்வாடிப் பணியாளரிடம் ‘பேச்சு வரலை’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் நிப்மெட் என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. மைசூரில் 1965-ல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. கடுமையான செவித்திறன் குறைபாடு என்று தெரிந்தால், தகுதியுள்ள குடும்பங்களின் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையே செய்கிறார்கள். அந்த 6 வயதுக் கணக்கையும் மனதில் வையுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் சீக்கிரம் கேட்கும். சீக்கிரம் கேட்டால்தான் பேச்சு நன்றாக வரும்.

மூன்று மாதம் கழித்து...

அந்தப் பையன் இப்போதும் வாரம் ஒருமுறை வருகிறான். மூன்று மாதத்தில் இருபத்தைந்து சொற்களுக்கு மேல் ஆகிவிட்டன. வயதுக்கு அது இன்னும் குறைவுதான். போக வேண்டிய தூரம் இருக்கிறது. போன வாரம் மருமகள்தான் எனக்குப் போன் செய்தார். முறுக்கு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன், “த்தா... தா” என்றானாம். அப்பத்தாவின் சுருக்கம்தான் அந்த ‘த்தா’. இரண்டு சொல்லைச் சேர்த்து அவன் பேசிய முதல் பேச்சு அது. “அத்தையாலதான் மேடம்” என்றார் மருமகள். போனை அப்பத்தாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

“டப்பாவை ஒடனே திறந்துட்டீங்களாத்தா?”

“இல்ல தாயி. நீங்க சொன்ன மாதிரி எண்ணிக்கிட்டே நின்னேன். ஒன்பது வரைக்கும்தான் எண்ணுனேன்.”

(அடுத்த வாரம்: மூன்று வயதில் திடீரென்று திக்கிப் பேசுகிறதா குழந்தை?)